எண்டோமெட்ரியோசிஸ் இருக்கிறது, தாய்ப்பால் கொடுத்தால் குணமாகுமா? எத்தனை மாதம் கொடுக்க வேண்டும்?

குணமாகாது. பலருக்கு அடங்கும். நோய் ஏற்கெனவே உறுதியாகி, இப்போது கைக்குழந்தையோடு இருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

கருப்பையின் உள்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே திட்டுத் திட்டாக வளர்வதுதான் எண்டோமெட்ரியோசிஸ். இந்தத் திட்டுகள் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைத் தின்று வளர்பவை. குழந்தை மார்பைச் சப்பச் சப்ப, பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஹார்மோன் ஏறும். மூளையிலிருந்து சினைப்பைக்குப் போகும் தூண்டுதல் தளரும். முட்டை வெளிவராது, ஈஸ்ட்ரோஜன் தாழ்ந்தே கிடக்கும், மாதவிடாயும் நிற்கும். வலி குறைவது இதனால்தான். எனவே மாதக் கணக்கை விட, எப்படிக் கொடுக்கிறீர்கள் என்பதே முக்கியம். தாய்ப்பால் மட்டுமே கொடுத்து, பகலில் 4 மணி நேரம், இரவில் 6 மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விழாமல் பார்த்துக்கொண்டால் முதல் 6 மாதம் முட்டை வெளிவருவது பெரும்பாலும் தடைபடும். பம்ப் செய்து கொடுப்பதை இந்தக் கணக்கில் அவ்வளவாக நம்ப முடியாது. இரவுப் பாலை நிறுத்தினாலோ, புட்டிப்பாலோ திட உணவோ சேர்த்தாலோ சில வாரங்களிலேயே மாதவிடாய் திரும்பலாம், கூடவே வலியும். அதற்கு முன்பே முட்டை வந்துவிடலாம் என்பதால் கருத்தடையையும் யோசித்து வையுங்கள்.

"தாய்ப்பால் கொடுத்தால் குணமாகும் என்று ஆய்வே சொல்கிறதே" என்று யாராவது கேட்பார்கள். 2017இல் பிஎம்ஜே என்ற மருத்துவ இதழில் வந்த அமெரிக்கச் செவிலியர்கள் ஆய்வைத்தான் சொல்வார்கள். நல்ல ஆய்வு. 72,394 தாய்மார்களில் 3,296 பேருக்கு லேப்ராஸ்கோபியில் (வயிற்றில் சிறு துளையிட்டு கேமராவால் உள்ளே பார்ப்பது) நோய் உறுதியானது. ஒரு பிரசவத்துக்குக் கூடுதலாக 3 மாதம் பால் கொடுத்தவர்களுக்கு அபாயம் 8% குறைவு; தாய்ப்பால் மட்டும் கொடுத்த மாதங்களை எடுத்தால் 14%. எல்லாக் குழந்தைகளுக்கும் சேர்த்து 36 மாதம் அல்லது அதற்கு மேல் கொடுத்தவர்களுக்கு, கொடுக்கவே கொடுக்காதவர்களை விட 40% குறைவு. ஆனால் அது பிரசவத்துக்குப் பிறகு புதிதாக நோய் கண்டறியப்படுவதைப் பற்றியது. இருக்கிற நோய் கரையும் என்று அதில் இல்லை.

பால் கொடுக்கும்போதே வலித்தால் எங்கே வலிக்கிறது என்று பாருங்கள். உடலுறவின் தொடக்கத்தில் எரிச்சல் என்றால் பெரும்பாலும் ஈஸ்ட்ரோஜன் குறைந்ததால் வந்த வறட்சி. மசகு ஜெல் போதும். ஆழத்தில் குத்தினாலோ, மலம் கழிக்கும்போது வலித்தாலோ நோயைச் சந்தேகிக்க வேண்டும். சிசேரியன் தழும்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டு, மாதவிடாய் நாட்களில் வீங்கி வலித்தால் அது தழும்பிலேயே வந்த எண்டோமெட்ரியோசிஸாக இருக்கலாம். தையல் முடிச்சு என்று விட்டுவிடாமல் ஸ்கேன் எடுங்கள்.

வலிக்கு ஐபுப்ரோஃபென், பாராசிட்டமால் இரண்டும் பால் கொடுக்கும்போது ஒத்துக்கொள்ளும். கோடீன் கலந்தது வேண்டாம், குழந்தைக்கு மூச்சு மந்தமாகலாம். ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரைகள் பாலைக் குறைக்கக்கூடும். முதல் 6 மாதம் தவிர்ப்பதே வழக்கம். புரோஜெஸ்டின் மட்டும் உள்ள கருத்தடை மாத்திரை, லெவோநார்ஜெஸ்ட்ரல் கருப்பைச் சாதனம் இரண்டும் மருத்துவரிடம் கேட்கத்தக்க வழிகள். கர்ப்பத்துக்கு முன் இந்த நோய்க்காகச் சாப்பிட்ட டையனோஜெஸ்ட் மாத்திரை அட்டை அலமாரியில் மிச்சமிருந்தால் நீங்களாகத் தொடங்காதீர்கள். பாலூட்டும்போது அது பரிந்துரைக்கப்படுவதில்லை. பாலை நிறுத்துவதென்று முடிவெடுத்தால் மருத்துவரை முன்கூட்டியே பார்த்து, அடுத்த மருந்து எது, எப்போது என்று பேசி வைத்துவிடுங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். வலியோடு வரும் பெண்களிடம் "குழந்தை பெற்றுக்கொள், சரியாகிவிடும்" என்று இன்னமும் மருத்துவர்களே சொல்கிறார்கள். நோய்க்கு மருந்தாக மட்டும் கர்ப்பத்தைப் பரிந்துரைக்கக் கூடாது என்று ஐரோப்பிய மனித இனப்பெருக்கவியல், கருவியல் அமைப்பான எஷ்ரேயின் 2022 வழிகாட்டுதல் தெளிவாகவே சொல்கிறது. கருத்தரிப்பதையே கடினமாக்கும் நோய்க்குக் கருத்தரிப்பை மருந்தாக எழுதுவது கொடுமை. பால் சுரக்காதவர்களும் கொடுக்க முடியாதவர்களும் இதைப் படித்துக் கலங்க வேண்டாம். மாதவிடாயை நிறுத்தி வைக்கும் மாத்திரைகளும் ஏறத்தாழ இதே வேலையைத்தான் செய்கின்றன.