பிறஷ் நுனி ஏன் பிரிகிறது?

கேள்வி: 1:72 அளவு விமான மாதிரிகளுக்கு அக்ரிலிக் பூசுகிறேன். வேலை முடிந்ததும் கிணற்றுத் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவியும் சேபிள் (விலங்கு மயிர்) பிறஷின் நுனி இரண்டாகப் பிரிந்துவிட்டது. ஏன்?
– வாசகர், பரந்தன்

பதில்: பூசும்போதே பழுது தொடங்கிவிடுகிறது. இழைகளைப் பிடித்திருக்கும் உலோகப் பூணுக்குள் பெயின்ற் ஏறிக் காய்ந்தால், ஆப்பு வைத்ததுபோல இழைகளை விரித்துவிடும். சோழகம் (தென்மேல் காற்று) வீசும் மாதங்களில் அக்ரிலிக் பிறஷிலேயே காயும். அதனால் பெயின்ற் தொட முன்னர் பிறஷைத் தண்ணீரில் நனைத்து ரிஷ்யூவில் ஒற்றுங்கள். இழையின் பாதிக்கு மேல் பெயின்ற் ஏறக்கூடாது. இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை அலசுங்கள். மின்விசிறிக்கு நேரே இருந்து பூச வேண்டாம். கலப்பதற்குப் பல்குத்தும் குச்சி போதும். நல்ல சேபிளால் கலப்பது அதைக் கொல்வதற்குச் சமம்.

கிணற்றுத் தண்ணீரும் கவனிக்க வேண்டியதுதான். வன்னியில் பல கிணறுகளில் சுண்ணம் அதிகம். அது சவர்க்காரத்தோடு சேர்ந்து வெள்ளைப் படிவாகி இழைகளுக்கிடையில் ஒட்டும். மழைத்தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ ஒரு யோகட் கோப்பை அளவு இருந்தால் போதும். குழந்தைச் சவர்க்காரக் கட்டியில் பிறஷை மெதுவாகத் தடவி, உள்ளங்கையில் அழுத்தாமல் சுழற்றுங்கள். நுரை வெள்ளையாக வரும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். கடைசியில் சிறிது நுரையை விட்டு, விரலால் நுனியைக் கூராக்கிப் படுக்கவைத்துக் காயவிடுங்கள். ஈரத்தோடு நிமிர்த்தி வைத்தால் தண்ணீர் பூணுக்குள் இறங்கி, கைபிடி மரம் ஊதி, மேற்பூச்சு வெடிக்கும்.

ஏற்கனவே பிரிந்த பிறஷுக்கு, பார்மசியில் வாங்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் இழையை மட்டும் 10 நிமிடம் வைத்து, மெல்லிய பழைய பற்தூரிகையால் பூணிலிருந்து நுனிநோக்கி வாருங்கள். ஸ்பிரிட் கைபிடியின் பூச்சைக் கரைக்கும், கவனம். பிறகு சவர்க்காரமும் சொட்டுக் கண்டிஷனரும். இரண்டு தடவை செய்தும் சேராவிட்டால் அதை உலர்பூச்சு வேலைக்கு (பெயின்ற்றைப் பெரும்பாலும் துடைத்துவிட்டு மேடுகளில் மட்டும் தேய்ப்பதற்கு) ஒதுக்குங்கள்.

கேள்வி: நைலோன் பிறஷின் நுனி கொக்கிபோல வளைகிறதே?
– வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: கொதித்த தண்ணீரைச் சில நிமிடம் ஆறவிட்டு, இழையை மட்டும் 10 விநாடி அமிழ்த்தி, ரிஷ்யூவால் நுனியை நேராக்கி, உடனே குளிர்ந்த தண்ணீரில் பிடியுங்கள். சில நாளில் மறுபடி வளையும்; நைலோனின் குணம் அது. சேபிளுக்கு இதைச் செய்யாதீர்கள், சூட்டில் பூணுக்குள் இருக்கும் பசை இளகும்.

கேள்வி: எனாமல் பெயின்ற் பூசிய பிறஷை எப்படிக் கழுவுவது?
– வாசகர், மாங்குளம்

பதில்: முதலில் தெரப்பந்தைன், பிறகுதான் சவர்க்காரம். அழுக்கான தெரப்பந்தைனைக் கிணற்றடியில் ஊற்றாமல் மூடிய போத்தலில் வையுங்கள். பெயின்ற் அடியில் படிந்ததும் மேலே தெளிந்ததை முதல் அலசலுக்குத் திரும்பப் பாவிக்கலாம்.