மூணு ஆல்பத்துக்கு இவ்ளோ பில்டப்பா?

சார், வணக்கம். அயர்லாந்து ஃபோக் பத்தி எழுதினப்போ பிளாங்ஸ்டிங்கற பேண்டைத் தலைல தூக்கி வெச்சு ஆடியிருந்தீங்க. நான் சீஃப்டன்ஸ்ங்கற அயர்லாந்து பேண்டோட ரசிகன். அவங்க 1962லேயே ஆரம்பிச்சு, ஆறு கிராமி வாங்கினவங்க. பிளாங்ஸ்டி முதல் ரவுண்டுல மூணே ஆல்பம் போட்டுட்டு கடையைக் கட்டிட்டாங்க. அப்படி என்ன சார் சாதிச்சாங்க? எதுலேருந்து கேக்கலாம்? எனக்கு ரிவர்டான்ஸ்ங்கற அயர்லாந்து நடன ஷோ உயிர், அது மாதிரி இருக்குமா?
கே., கோவை

அன்புள்ள கே.,

சீஃப்டன்ஸை யாரு குறை சொன்னா? ஆனா கிராமி கணக்கு பாத்தா இந்த விஷயம் புடிபடாது. எழுபதுகளோட ஆரம்பத்துல அயர்லாந்துல கிட்டாரும் பேன்ஜோவும் வெச்சுக்கிட்டு பப்ல எல்லாரும் சேர்ந்து பாடற பேலட் (கதைப்பாட்டு) கோஷ்டிங்க ஒரு பக்கம், பைப்ஸும் (துருத்தி வெச்ச குழல் வாத்தியம்) ஃபிடிலும் (வயலின்தான்) வாசிக்கற பரம்பரை ஆளுங்க இன்னொரு பக்கம்னு பெரும்பாலும் தனித்தனியாத்தான் இருந்தாங்க. பாடகர் கிறிஸ்டி மூர் தன்னோட சொந்த ஆல்பத்துக்காக 1971ல கில்டேர் பக்கம் ப்ராஸ்பரஸ்ங்கற ஊர்ல ஒரு வீட்டு அடித்தளத்துல ஆளுங்களைச் சேத்தாரு, அதுல ஆண்டி அர்வின், டோனல் லனி, இல்லன் பைப்ஸ்னு சொல்ற அயர்லாந்து பைப்ஸ் வாசிக்கற லியம் ஓஃபிளின் எல்லாம் இருந்தாங்க, அந்த நாலு பேருதான் அடுத்த வருஷம் பிளாங்ஸ்டி, அந்த ரெண்டு பக்கமும் ஒண்ணா சேந்த பேண்டு.

1973ல வந்த முதல் ஆல்பத்தோட முதல் டிராக்கை ஹெட்போன் போட்டு கேளுங்க. கணவனை விட்டுட்டு ஜிப்ஸிகளோட போற சீமாட்டி கதை, ஜான் ரைலிங்கற நாடோடி சமூகத்துப் பாடகர்கிட்டேருந்து வந்த பாட்டு (அவரு 1969லேயே செத்துட்டாரு, பாவம், இதைக் கேக்கவே இல்ல). பாடறவருக்குப் பின்னாடி வெறும் கார்டு (chord) அடிக்காம அர்வினோட மேண்டலினும் லனியோட பூசூகியும் ஆளுக்கொரு மெட்டுல பின்னிக்கிட்டே போகும். பூசூகி கிரேக்க தந்தி வாத்தியம், அதை அயர்லாந்து இசைக்குள்ள கொண்டு வந்தது ஜானி மொய்னிஹன், பின்னாடி அவரும் இந்த பேண்டுல சேந்தாரு. பாட்டு முடியற இடத்துல கேப் விடாம பழைய ஹார்ப் ட்யூன் ஒண்ணுக்குள்ள நழுவும், நாலு கணக்குல ஓடிட்டிருந்தது மூணு கணக்குக்கு மாறி, பைப்ஸ் மேல ஏறும் பாருங்க... அந்த இடத்துக்காகத்தான் என் பில்டப் எல்லாம். வாயால ஊதாம முழங்கைக்கு அடியில துருத்தியை அமுக்கி, உக்காந்துக்கிட்டே வாசிக்கற வாத்தியம் இந்த இல்லன் பைப்ஸ், அதனால சத்தம் ஸ்காட்லாந்து பைப்ஸ் மாதிரி காதைக் கிழிக்காது, பாடற குரலோட ஒட்டிக்கும்.

அப்புறம் கதை வழக்கம்தான். 1973லேயே லனி போயிட்டாரு, 1974ல கிறிஸ்டி. பால் பிரேடி வந்தாரு, ஆனா அந்த செட்டு ஒரு ஸ்டுடியோ ஆல்பம்கூட பண்ணாம 1975ல கலைஞ்சிடுச்சு, எனக்கு இன்னிக்கும் ஆத்தாமைதான். 1979ல திரும்ப சேந்து போட்ட 'ஆஃப்டர் த பிரேக்' அருமை, கடைசில ஒரு பல்கேரிய நடன ட்யூன் இருக்கு, காலால தாளம் போட்டுப் பாருங்க, தோத்துருவீங்க. அதுல ஃப்ளூட் வாசிக்கற மேட் மல்லாய் அதே வருஷம் உங்க சீஃப்டன்ஸ்ல போய் சேந்தாரு, சந்தோஷமா? 1983ல வந்த 'வேர்ட்ஸ் அண்ட் மியூசிக்' எனக்கு ஒட்டல, கடைசியா கேட்டா போதும். 2004ல பழைய நாலு பேரும் டப்ளின் விகார் ஸ்ட்ரீட்ல வாசிச்ச லைவ் ரெக்கார்டிங் இருக்கு, வயசானவங்க ஜாலியா வாசிச்சிருப்பாங்க. லியம் 2018ல காலமாயிட்டதால அந்த நாலு பேரு செட்டு இனிமே கிடையாது.

ரிவர்டான்ஸ் மாதிரி இருக்காது. ஆனா 1981ல யூரோவிஷன்ங்கற ஐரோப்பிய பாட்டுப் போட்டி டப்ளின்ல நடந்தப்போ இடைவேளைல பிளாங்ஸ்டி 'டைம்டான்ஸ்'னு ஒண்ணு வாசிச்சாங்க, நடனமும் உண்டு, அதுல பெரிய பங்கு இசையமைப்பாளர் பில் வீலனோடது. அதே வீலன்தான் 1994ல அதே மாதிரி யூரோவிஷன் இடைவேளைக்கு ரிவர்டான்ஸ் போட்டாரு. ரெண்டையும் அடுத்தடுத்து கேட்டுட்டு எழுதுங்க, எனக்கு டைம்டான்ஸ்தான் ஒசத்தி, நீங்க சண்டைக்கு வருவீங்கன்னு தெரியும்.