ரிக் குறைந்தால் எரிவாயு குறைந்துவிடுமா?

கேள்வி: எங்கள் நிறுவனத்தின் எரிவாயு ஒப்பந்தம் அமெரிக்காவின் ஹென்றி ஹப் (லூசியானாவிலுள்ள குழாய்ச் சந்திப்பு; அந்நாட்டு எரிவாயு விலைக்கு அளவுகோல்) விலையோடு இணைக்கப்பட்டுள்ளது. ரிக் (கிணறு தோண்டும் இயந்திரம்) எண்ணிக்கை சரிகிறது, ஷேல் எனும் இறுகிய பாறையில் தோண்டும் கிணறுகள் சீக்கிரம் வற்றுகின்றன என்கிறார்கள். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் முன் எந்தக் கணக்குகளைப் பார்க்க வேண்டும்?

பதில்: ரிக் எண்ணிக்கையை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். 2008-ல் அமெரிக்காவில் சுமார் 1,600 எரிவாயு ரிக்குகள் ஓடின. 2024 இறுதியில் ஏறத்தாழ 100 தான். ஆனால் உற்பத்தி இந்த இடைவெளியில் கிட்டத்தட்ட இரு மடங்காகி, 2024-ல் நாளொன்றுக்குச் சுமார் 103 பி.சி.எஃப் ஆனது. (ஒரு பி.சி.எஃப் என்பது 100 கோடி கன அடி.) ஒரே திடலில் நின்றபடி ஒரு ரிக் பல கிணறுகளைத் தோண்டுகிறது, ஒவ்வொன்றும் பாறைக்குள் கிடைமட்டமாக மூன்று கிலோமீட்டர், சில இடங்களில் அதற்கும் மேல் போகிறது. தவிர, மேற்கு டெக்சாஸின் பெர்மியன் படுகையில் கச்சா எண்ணெயோடு சேர்ந்து ஏராளமான எரிவாயு வருகிறது. அங்குள்ளவை எண்ணெய் ரிக் கணக்கில் சேர்வதால், எரிவாயு ரிக் கணக்கில் தெரியாது. அந்த வாயுவின் அளவைத் தீர்மானிப்பது எண்ணெய் விலை.

கிணறுகள் வற்றுவது உண்மைதான். லூசியானா–டெக்சாஸ் எல்லையிலுள்ள ஹேன்ஸ்வில்லில் பாறை மூன்று கிலோமீட்டருக்கும் கீழே, மிகுந்த அழுத்தத்தில் இருக்கிறது. தொடக்கத்தில் வாயு பீறிட்டு வரும்; முதல் ஆண்டிலேயே பாதிக்கு மேல் குறைந்துவிடும். வாயு வெளிவர நீரை அழுத்திச் செலுத்திப் பாறையைப் பிளக்கிறார்கள்; அந்தப் பிளவுகளை ஒட்டிய வாயு முதலில் வெளியேறிவிடுகிறது. மிச்சம், திரவமும் வாயுவும் எளிதில் நகர முடியாத இறுகிய பாறை வழியாகக் கசிந்து வர வேண்டும். அதன்பின் சரிவு மெதுவாகி, பல ஆண்டுகள் சன்னமாக ஓடும். நாளொன்றுக்கு 10 பி.சி.எஃப் தரும் ஒரு வயல், புதுக் கிணறு இல்லாவிட்டால் ஆண்டுக்கு 30 சதவீதம் சரியும் என்று வைத்துக்கொள்வோம். இருக்கும் இடத்தில் நிற்பதற்கே ஆண்டுதோறும் நாளொன்றுக்கு 3 பி.சி.எஃப் தரும் புதுக் கிணறுகள் வேண்டும். எனவே தோண்டுவது நீண்ட நாள் நின்றால் பற்றாக்குறை நிச்சயம். ஆனால் தோண்டி, பிளந்து, குழாயில் இணைக்க மாதங்கள் ஆவதால், இன்றைய ரிக் குறைவு அடுத்த அரையாண்டுக்குப் பின்னரே உற்பத்தியில் தெரியும்.

அந்த இடைவெளியை இரண்டு கையிருப்புகள் நிரப்புகின்றன. ஒன்று, தோண்டிவிட்டுப் பிளக்காமல் விட்ட கிணறுகள். மற்றொன்று, விலை குறைந்ததால் மூடிவைத்தவை. 2024 வசந்தத்தில் ஈ.க்யூ.டி என்ற எரிவாயு உற்பத்தி நிறுவனம் மட்டுமே நாளொன்றுக்குச் சுமார் ஒரு பி.சி.எஃப் குறைத்தது. விலை ஏறினால் மூடிய வாயு விரைவில் திரும்பும், தோண்டிய கிணறுகளும் சில மாதங்களில் சேரும். இவை தீரும்வரை விலை ஏற்றம் நீடிப்பது கடினம். எனவே, தோண்டியும் பிளக்காமல் விட்ட கிணறுகளின் எண்ணிக்கை ரிக் எண்ணிக்கையோடு சேர்ந்து குறைந்தால்தான் நான் கவலைப்படச் சொல்வேன்.

அடுத்தது குழாய். பலர் இதில்தான் சறுக்குகிறார்கள். பாறையில் வாயு இருந்தாலும் வெளியேற வழி இல்லாவிட்டால் ஹென்றி ஹப்புக்கு அது இல்லாததுதான். 2024-ல் ஹென்றி ஹப் சராசரி சுமார் 2.2 டாலர் (பத்து லட்சம் பி.டி.யு-வுக்கு; பி.டி.யு என்பது வெப்ப அலகு). அதே ஆண்டில் பெர்மியனின் வாஹா மையத்தில் பல நாட்கள் விலை பூஜ்யத்துக்குக் கீழே போனது. வாயுவை எடுத்துக்கொள்ள விற்பவரே பணம் தர வேண்டியிருந்தது. அவ்வாண்டில்தான் 2.5 பி.சி.எஃப் திறனுள்ள மேட்டர்ஹார்ன் குழாயும், கிழக்கு அமெரிக்காவின் அப்பலாச்சியா மலைப்பகுதியிலிருந்து 2 பி.சி.எஃப் கொண்டுவரும் மவுண்டன் வேலி குழாயும் திறந்தன. உங்களுக்கு வாயு ஒப்படைக்கப்படும் இடம் ஹென்றி ஹப் இல்லையென்றால், இரு இடங்களின் விலை வித்தியாசத்தை ஒப்பந்தத்தில் யார் சுமப்பது என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

தேவைப் பக்கம் கண் வைக்க வேண்டியது எல்.என்.ஜி (கப்பலில் அனுப்பக் குளிர்வித்துத் திரவமாக்கிய எரிவாயு) ஏற்றுமதி. 2016-ல் லூசியானாவின் சபைன் பாஸ் துறையிலிருந்து பெரிய அளவில் தொடங்கியது. 2023-ல் அமெரிக்கா உலகின் முதலிடத்தைப் பிடித்தது. இப்போது ஒரு முனையம் நின்றாலே விலை ஆடும். 2022 ஜூனில் ஃப்ரீபோர்ட் முனையம் தீ விபத்தால் நின்றபோது சுமார் 2 பி.சி.எஃப் உள்நாட்டிலேயே தங்கி, ஹென்றி ஹப் சரிந்தது. புது முனையம் திறக்கும் தேதிகள் உங்களுக்கு நேர் எதிர்த் திசையில், அதாவது விலையை ஏற்றும் வகையில், வேலை செய்யும்.

வாரந்தோறும் பார்க்க ஒரே அறிக்கை போதும்: அமெரிக்க அரசின் எரிசக்தித் தகவல் நிர்வாகம் வியாழக்கிழமை வெளியிடும் எரிவாயுச் சேமிப்பு நிலவரம். மொத்த அளவைவிட, ஐந்தாண்டுச் சராசரியிலிருந்து உள்ள இடைவெளி விரிகிறதா சுருங்குகிறதா என்பதைக் குறித்து வாருங்கள். குளிரின்போது கிணற்று வாயிலில் நீர் உறைந்து உற்பத்தியே நிற்கும். 2021 பிப்ரவரியில் நாட்டின் உற்பத்தியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சில நாட்கள் காணாமல் போனது. ஆகவே நவம்பர் முதல் மார்ச் வரையிலான தேவையில் ஒரு பகுதிக்குக் கோடையிலேயே நிலையான விலையோ உச்சவரம்போ பேசுங்கள். ஏப்ரல் முதல் அக்டோபர் வரையிலான அளவைச் சந்தை விலையில் விட்டுவைக்கலாம்.