வாசகர் கேள்வி: ஆம்ப்ளிஃபயருக்கு வீட்டிலேயே பவர் கேபிள்

கேள்வி: ஆம்ப்ளிஃபயருக்கான பவர் கேபிளை நானே தடித்த கம்பியில் செய்தால் ஒலி மேம்படுமா? (வாசகர், பாளையங்கோட்டை)

பதில்: ஒலிக்காக என்றால் செலவழிக்க வேண்டாம். 200 வாட் இழுக்கும் கருவி 230 வோல்ட்டில் ஏறத்தாழ 1 ஆம்பியர்தான் எடுக்கும் என்பதால், ஐ.எஸ். 694 (மின்கம்பிகளுக்கான இந்தியத் தரநிலை) தரக்குறியீடுள்ள, 1.5 சதுர மில்லிமீட்டர் மூன்று கோர் (உள்ளே மூன்று தனிக் கம்பிகள் கொண்ட) செம்புக் கம்பியே தாராளம். திருநெல்வேலி சந்திப்புப் பக்கம் எலெக்ட்ரிக்கல் கடைகளில் மீட்டர் கணக்கில் கிடைக்கும்.

கவனம் வேண்டியது பிளக்கின் உள்ளேதான். பச்சை நிற எர்த் கம்பியை மற்ற இரண்டையும்விடச் சற்று நீளமாக விட்டால், கேபிள் இழுபடும்போது அது கடைசியாகவே கழலும். இழைகளில் ஈயம் ஏற்றித் திருகாணிக்கடியில் வைப்பதை ஒரு திறமையாகவே நம்மூரில் பலர் கருதுகிறார்கள்; ஆனால் அழுத்தத்தில் ஈயம் நாளடைவில் நசுங்கி, பிடி தளர்ந்து, அந்த இடம் சூடேறும் என்பதால், வெறும் இழைகளை இறுக முறுக்கியே பொருத்துங்கள். வெளியுறையும் பிளக்கின் கவ்விக்குள் வர வேண்டும்.

ஸ்பீக்கரில் இரைச்சல் கேட்டால் எர்த்தைத் துண்டிக்கச் சொல்வார்கள். அது உயிருக்கே உலை வைக்கும். அதற்குப் பதில், எல்லாக் கருவிகளையும் ஒரே பிளக் பாயிண்டிலிருந்து இயக்கிப் பாருங்கள். கேபிளைச் சுவரில் செருகும் முன், மூன்று கம்பிகளும் தத்தம் முனைக்கே செல்கின்றனவா, ஒன்றோடொன்று தொடவில்லையா என்று மல்டிமீட்டரில் சோதித்துவிடுங்கள்.