ஐஸ்லாந்தின் வரலாற்றைத் தீர்மானித்தது இயற்கையா, மனிதர்களா?

இரண்டையும் பிரிக்கவே முடியாது. 870-களில் நார்வே பக்கமிருந்து மக்கள் குடியேறியபோது தீவில் கால்வாசியாவது பிர்ச் காடு இருந்ததாகக் கணக்கிடுகிறார்கள். விறகுக்கும் கரிக்கும் மேய்ச்சலுக்கும் அதை வெட்டினார்கள், அப்புறம் துளிர்த்த கன்றையெல்லாம் ஆடுகள் மேய்ந்து தீர்த்தன, பிடிமானம் போன எரிமலை மண்ணைக் காற்று அள்ளிக்கொண்டு போனது.

சரி, 1783-ல் வெடித்த லாக்கி எரிமலை? எட்டு மாதம் எரிமலைக் குழம்பைக் கக்கியது, ஆனால் மக்களைக் கொன்றது அந்தக் குழம்பு இல்லை. எரிமலை வாயுவிலிருந்து புல்லில் படிந்த ஃபுளோரின் நஞ்சு செம்மறிகளில் முக்கால்வாசிக்கு மேல் சாகடித்தது, கால்நடையை நம்பியே வாழ்ந்த மக்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் பஞ்சத்திலும் நோயிலும் செத்தார்கள். கொடுமை!

1973-ல் ஐஸ்லாந்தின் ஹெய்மே தீவில் எரிமலை வெடித்தபோது கதையே வேறு: துறைமுக வாயை அடைக்க வந்த குழம்பின்மேல் வாரக்கணக்கில் கடல்நீரைப் பீய்ச்சி உறைய வைத்தார்கள். துறைமுகம் தப்பியது மட்டுமில்லை, முன்பைவிட அலைக்கு அடக்கமாகவும் ஆகிவிட்டது.