நிறுத்தினால் யார் தேடுவார்கள்?

கேள்வி: கோவையில் மரச்செக்கு எண்ணெய்த் தொழில் தொடங்கி ஒன்றரை ஆண்டு ஆகிறது. எங்கள் இணையதளம் வழியாகவும் பதினோரு கடைகள் வழியாகவும் விற்கிறோம். நான், அப்பா, இரண்டு பணியாளர்கள். காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தால் இரவு பத்து வரை கை ஓய்வதில்லை. ஆனால் ஐந்து மாதமாக இணைய ஆர்டர் மாதம் 400ஐத் தாண்டவில்லை. அலுவலக வேலைகளுக்கு ஓர் உதவியாளரை வைத்துக்கொள்ளலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். தேவையில்லாத வேலைக்கு ஆள் போட்டால் அந்த வேலைக்குச் சம்பளமும் நாற்காலியும் கிடைத்துவிடும். பிறகு அதை நிறுத்துவது என்பது ஒரு மனிதரை அனுப்புவதாகிவிடும். முதலில் வேலையைக் குறைப்போம். மிச்சம் இருப்பதைப் பார்த்து ஆளைத் தேடலாம்.

நான் கேட்டபடி நான்கு நாள்களுக்கு அரை மணிக்கு ஒரு வரி என்று எழுதி அனுப்பியிருந்தீர்கள். சாப்பாடு போக ஏறத்தாழ 48 மணி நேரம். அதில் புதிய வாடிக்கையாளரையோ கடையையோ தேடிப் போன நேரம் 2 மணி 20 நிமிடம்.

மீதி எங்கே போனது? ஒரே ஓர் ஆர்டரின் பின்னால் நடந்து பார்த்தேன். இணையதளத்தில் ஆர்டர் விழுகிறது. அதை நீங்கள் எக்செல்லில் ஏற்றுகிறீர்கள். அப்பா நீள நோட்டில் எழுதிக்கொள்கிறார். பேக்கிங் செய்பவருக்கு வாட்ஸ்அப்பில் அதே முகவரியைத் தட்டச்சு செய்கிறீர்கள். கூரியர் தளத்தில் மறுபடியும். மாலையில் கண்காணிப்பு எண்ணை நகலெடுத்து வாடிக்கையாளருக்கு ஒவ்வொன்றாக அனுப்புகிறீர்கள். ஆர்டருக்கு ஆறு நிமிடம், நாளொன்றுக்குப் பதினைந்து ஆர்டர், ஆக ஒன்றரை மணி நேரம். இதில் பெரும்பகுதி தானாக நடக்கக்கூடியது. இணையதளத்தைக் கூரியர் செயலியோடு ஒருமுறை இணைத்துவிட்டால் முகவரி தானாகப் போகும். கண்காணிப்பு எண்ணும் வாடிக்கையாளருக்கு நேரே சென்றுவிடும். எக்செல்லையும் வாட்ஸ்அப்பையும் விட்டுவிடுங்கள்.

அப்பாவின் நோட்டை மட்டும் தொடாதீர்கள். பார்க்கப் பழைய பழக்கம் போல இருக்கும். ஆனால் இரவில் மிச்சமிருக்கும் டின்களை எண்ணி அவர் சரிபார்ப்பது அந்த நோட்டை வைத்துத்தான். செவ்வாய்க்கிழமை ஒரு டின் குறைந்ததைக் கண்டுபிடித்ததும் அதுவே என்று உங்கள் குறிப்பிலேயே இருக்கிறது.

எந்த வேலை வெட்டி வேலை என்று கண்டுபிடிக்க நான் வைத்திருக்கும் சோதனை எளியது: இரண்டு வாரம் சொல்லாமல் நிறுத்திப் பாருங்கள், யார் தேடுகிறார்கள் என்று. இதை நான் புத்தியால் கண்டுபிடிக்கவில்லை. என் முதல் நிறுவனத்தில் ஒவ்வொரு திங்கட்கிழமையும் முதலீட்டாளருக்கு வண்ண வண்ண வரைபடங்களோடு ஓர் அறிக்கை அனுப்புவேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுதும் அதற்கே போகும். ஒருநாள் கணக்குச் சூத்திரம் ஒன்று உடைந்திருப்பதைப் பார்த்தேன். ஏழு வாரமாக ஒரே விற்பனை எண் அச்சடித்தாற்போல் போய்க்கொண்டிருந்திருக்கிறது. அவரும் கேட்கவில்லை, நானும் கவனிக்கவில்லை. எட்டாவது வாரம் மூன்று வரியில் மின்னஞ்சல் அனுப்பினேன். அதற்குத்தான் முதன்முதலாகப் பதில் வந்தது.

வரி, உரிமம், பணியாளர் சம்பளம் ஆகியவற்றில் இந்தச் சோதனையைச் செய்து பார்க்காதீர்கள். அங்கே தேடி வருபவர்கள் அபராதத்தோடு வருவார்கள்.

ஜிஎஸ்டி படிவங்களுக்காக மாதம் இரண்டு நாள் போகிறது என்கிறீர்கள். ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாய் வரை உள்ளவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குத் தாக்கல் செய்யும் திட்டம் 2021 ஜனவரி முதல் இருக்கிறது. காலாண்டின் முதல் இரண்டு மாதங்களுக்கு வரியை மட்டும் அடுத்த மாதம் 25ஆம் தேதிக்குள் கட்டினால் போதும். ஒன்றைக் கவனியுங்கள்: ஜிஎஸ்டி பதிவுள்ள கடைகள், வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள (உள்ளீட்டு வரி) உங்கள் விலைப்பட்டியலை (இன்வாய்ஸ்) எதிர்பார்க்கும். அந்தக் கடைகளுக்கான விலைப்பட்டியல்களை மட்டும் அந்த இரண்டு மாதங்களுக்கும் அடுத்த மாதம் 13ஆம் தேதிக்குள் தனியாக ஏற்றலாம். உங்கள் கணக்காளரிடம் கேட்டு மாறிக்கொள்ளுங்கள்.

இனிமேல் சொல்வது கொஞ்சம் கசக்கும். நான்கு நாளில் ஏழு மணி நேரம் சுவரொட்டி வடிவமைப்பு, லேபிளில் பச்சை நிறத்தை மாற்றுவது, தொழில்முனைவோர் போட்டிக்கு விண்ணப்பம் என்று போயிருக்கிறது. லேபிளில் உணவு உரிம எண், நிகர அளவு, அதிகபட்ச சில்லறை விலை, தயாரித்த தேதி முதலிய கட்டாய விவரங்கள் சரியாக இருக்கின்றன. பச்சை எந்தப் பச்சையாக இருந்தால் என்ன? போட்டியில் பரிசு கிடைத்தால் நல்லதுதான். ஆனால் இந்த ஆண்டு இது உங்கள் நான்காவது விண்ணப்பம்.

இந்த வேலைகளுக்கு ஓர் ஒற்றுமை உண்டு. இவற்றில் எதுவும் முகத்துக்கு நேரே "வேண்டாம்" என்று சொல்லாது. காந்திபுரத்துக் கடைக்காரர் சொல்வார்: "இருக்கிற எண்ணெயே போகவில்லை, அம்மா, அடுத்த மாதம் பார்க்கலாம்." அதைக் கேட்க மனம் கூசும்போது கை தானாக லேபிளைத் திறக்கிறது. சோம்பேறிகளுக்கு இந்த நோய் வருவதில்லை, உழைப்பாளிகளுக்குத்தான் வருகிறது.

வெட்டி வேலை போலத் தோன்றி, அப்படி இல்லாதவையும் உண்டு. உங்கள் குறிப்பில் நான்கு நாளில் ஐந்து முறை "பெங்களூரு, தேங்காய் எண்ணெய் உறைந்துவிட்டதாகப் புகார்" என்று இருக்கிறது. ஒவ்வொரு அழைப்பும் பத்து நிமிடம். இந்த அழைப்புகளை வேறொருவரிடம் தள்ளிவிட நினைத்திருக்கிறீர்கள். கூடாது, நீங்களே எடுங்கள். ஆனால் ஐந்தாவது அழைப்புக்குப் பிறகும் வாயால் மட்டுமே விளக்கிக்கொண்டிருப்பது வீண். 24 டிகிரிக்குக் கீழே தேங்காய் எண்ணெய் உறைவது இயல்பு, வெந்நீரில் பாட்டிலை வைத்தால் இளகிவிடும் என்று ஒரு துண்டுச் சீட்டு அச்சிட்டுப் பெட்டிக்குள் போடுங்கள். கடலை எண்ணெயின் அடியில் தங்கும் கசடுக்கும் அதிலேயே ஒரு வரி சேர்த்துவிடலாம்.

கடைகளிடம் நிலுவை கேட்பதும் இப்படித்தான். அலுப்பூட்டும், ஆனால் தவிர்க்கக் கூடாது. உற்பத்தியாளர் என்று உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) வைத்திருக்கிறீர்கள். சிறு, குறு நிறுவனங்களுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பது 2006ஆம் ஆண்டுச் சட்டம். சட்டத்தைக் காட்டி மிரட்ட வேண்டாம். விலைப்பட்டியலின் அடியில் கெடு தேதியை அச்சிடுங்கள். வெள்ளிக்கிழமை ஒரே மூச்சில் எல்லாரையும் அழையுங்கள். தினமும் ஒருவரை நினைத்து நினைத்துப் பொருமுவதைவிட அது மேல்.

இதெல்லாம் செய்தால் நாளுக்கு மூன்று மணி நேரமாவது மிஞ்சும் என்பது என் கணக்கு. அதைப் பிற்பகல் இரண்டரைக்கு வைத்துக்கொள்ளுங்கள். காலை ஒன்பது மணிக்கு மளிகைக் கடைக்காரரிடம் போய் நின்றால் அவர் கண் உங்கள் பின்னால் நிற்கும் வாடிக்கையாளர் மீதுதான் இருக்கும். மதியத்தில் ஸ்டூல் இழுத்துப்போட்டு உட்காரச் சொல்வார். அந்த நேரத்தில் உங்கள் கைப்பேசி அப்பாவிடம் இருக்கட்டும்.

கடைக்குப் போகாத நாளுக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஒரே ஆர்டரை இத்தனை இடங்களில் பதிந்தீர்களே, அந்த 400 பேரில் எத்தனை பேர் இரண்டாம் முறை வாங்கியவர்கள் என்று கேட்டேன். உங்களால் சொல்ல முடியவில்லை. நான்கு பேர் உள்ள வீட்டில் ஒரு லிட்டர் எண்ணெய் ஒரு மாதம் வருவதே அதிகம். இரண்டு மாதமாக ஆர்டர் தராதவர் வேறு எண்ணெய்க்குப் போய்விட்டார் என்றே வைத்துக்கொள்ளலாம். ஐந்து மாதமாக எண்ணிக்கை நகராததற்குக் காரணம் அங்கே இருக்கும் என்று சந்தேகிக்கிறேன். இணையதளத்திலிருந்து ஆர்டர் பட்டியலை இறக்கிக் கைப்பேசி எண் வரிசைப்படி அடுக்குங்கள். ஒரே ஒரு முறை வந்த எண்களில் முதல் இருபது பேரை அழைத்து, இப்போது வீட்டில் என்ன எண்ணெய் என்று மட்டும் கேளுங்கள். எதையும் விற்க முயல வேண்டாம். அவர்கள் சொல்வதை அப்படியே எழுதி எனக்கு அனுப்புங்கள். உதவியாளர் தேவையா, என்ன வேலைக்கு என்று அதைப் பார்த்துவிட்டுப் பேசலாம்.