இருள்புனைவுகள் – கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

ஒரு வருடமாக ஃபேண்டஸி நாவல்களாகவே படித்துக்கொண்டிருக்கிறேன். டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' எனக்குக் குழந்தைக் கதையாகத்தான் பட்டது. நல்லவர்கள் ஒரு பக்கம், கெட்டவர்கள் ஒரு பக்கம், கடைசியில் நல்லவர்கள் ஜெயிக்கிறார்கள். ஜார்ஜ் மார்ட்டினைப் படித்தபின் அதற்குத் திரும்பவே முடியவில்லை. அவர் உலகில் யாரும் எப்போதும் சாகலாம். வாழ்க்கையும் அப்படித்தானே? லெ குவினின் எர்த்சீ வரிசையில் முதல் மூன்றும் பிடித்தன. நான்காவதான 'டெஹானு' பெரிய ஏமாற்றம். அவ்வளவு பெரிய மந்திரவாதி கெட், சக்தியெல்லாம் போய் ஆடு மேய்க்கிறான். கதை அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. ஆக்டேவியா பட்லரின் 'கின்ட்ரெட்' நன்றாக இருந்தது, ஆனால் அடிமைமுறை பற்றிய நாவல் இன்னும் கொடூரமாக இருந்திருக்க வேண்டாமா? உங்கள் கருத்தை அறிய ஆசை. பதினொன்றாம் வகுப்பு படிக்கும் என் தங்கைக்கு இவற்றில் எதைக் கொடுக்கலாம் என்றும் சொல்லுங்கள்.

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

பட்லரிலிருந்து தொடங்குகிறேன். அங்கேதான் உங்களோடு அதிகம் மாறுபடுகிறேன்.

'கின்ட்ரெட்' 1979இல் வந்தது. 1976ஆம் ஆண்டின் கலிஃபோர்னியாவில் வாழும் டேனா என்ற கறுப்பினப் பெண், 19ஆம் நூற்றாண்டின் மேரிலாந்துப் பண்ணை ஒன்றுக்குத் திரும்பத் திரும்ப இழுக்கப்படுகிறாள். எப்படி என்பதற்கு நாவலில் விளக்கம் கிடையாது. அதில் அறிவியலே இல்லை, அது ஃபேண்டஸிதான் என்று பட்லரும் சொன்னார். அதை எழுதுவதற்காக, அடிமைகளாக இருந்தவர்கள் எழுதிவைத்த தன்வரலாறுகளைப் படித்தார். படிக்கப் படிக்க அவருக்கு ஒன்று தெரிந்துவிட்டது: உண்மையில் நடந்ததன் பக்கத்தில்கூடத் தன்னால் போகமுடியாது, கொஞ்சம் கழுவித் துடைத்துத் தந்தால்தான் யாராவது படிப்பார்கள். பின்னாளில் நேர்காணலில் இதை வெளிப்படையாகவே சொன்னார். ஆகவே நீங்கள் குறை என்று கண்டது, அவர் தெரிந்தே எடுத்த முடிவு.

அதனால் நாவல் மென்மையாகிவிட்டதா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. சவுக்கடிகள் அதில் இருக்கின்றன. ஆனால் என்னால் மறக்கமுடியாத பக்கம் வெறும் பேச்சு. பண்ணைக்காரனின் மகன் ரூஃபஸ், தான் விலைக்கு வாங்கிய ஆலிஸ் தன் படுக்கைக்கு வரவேண்டும் என்கிறான். வராவிட்டால் அடித்து வரவழைப்பான். அதை அவளிடம் எடுத்துச் சொல்லும் வேலையை டேனாவிடம் கொடுக்கிறான். ரூஃபஸ் டேனாவின் மூதாதை. ஆலிஸுக்கும் அவனுக்கும் ஒரு பெண்குழந்தை பிறந்தால்தான் டேனாவின் வம்சமே உண்டு. டேனா போய்ச் சொல்கிறாள். நல்லவள், படித்தவள், எழுத்தாளர், நம் காலத்துப் பெண், அவள் போய்ச் சொல்கிறாள்! அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பக்கத்தில் ஒரு கத்தியை நுழைத்திருந்தால் எனக்கு அது எளிதாகியிருக்கும்.

நீங்கள் கொண்டாடும் மார்ட்டினையே எடுத்துக்கொள்ளுங்கள். 2000இல் வந்த மூன்றாம் நாவலில், விருந்துக்கு வந்தவர்களை விருந்தளித்தவர்களே கொல்லும் அந்தக் கல்யாணக் காட்சி உங்களை உலுக்கியிருக்கும், என்னையும் உலுக்கியது. செத்தவர்களின் எண்ணிக்கையாலா? அதைவிடப் பெரிய போர்கள் அதே வரிசையில் வந்துபோகின்றன, அவை மனதில் தங்கவில்லை. இங்கே விருந்தினருக்கு ரொட்டியும் உப்பும் தந்தாகிவிட்டது. அதற்குப்பிறகு அவர்கள் மேல் கைவைக்கக்கூடாது என்பது அந்த உலகத்தின் மிகப் பழைய சட்டம். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்யாதே என்று கேட்டு வளர்ந்த நமக்கு, உண்ணக் கொடுத்த வீடே அதைச் செய்யும்போது காலடியில் தரை நழுவுகிறது. ஸ்காட்லாந்து வரலாற்றின் இரண்டு நிகழ்ச்சிகளிலிருந்து இதை எடுத்ததாக மார்ட்டின் சொல்லியிருக்கிறார். 1440இல் எடின்பரோ கோட்டைக்கு விருந்துக்கு அழைக்கப்பட்ட இளம் டக்ளஸ் பிரபுவும் தம்பியும் கொல்லப்பட்டார்கள். 1692இல் கிளென்கோ என்ற பள்ளத்தாக்கில் படைவீரர்கள் தங்களுக்கு இடமும் சோறும் தந்த குடும்பங்களையே கொன்றார்கள். யாரும் எப்போதும் சாகலாம் என்பதில் அவ்வளவு பலம் இல்லை, எஸ். நம்பியது உடையும்போதுதான் வலிக்கிறது. நம்புவதற்கு ஒன்றுமே இல்லாத உலகத்தைக் காட்டும் நாவல்கள் நாலைந்து படித்ததும் எனக்கு மரத்துப்போய்விடுகின்றன.

டோல்கீனில் நல்லவன் ஜெயிக்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். தீய சக்தி கொண்ட மோதிரத்தை அழிக்க எரிமலையின் விளிம்புவரை போன நாயகன் ஃப்ரோடோ அதைத் தூக்கிப் போடுவதில்லை. இது என்னுடையது என்கிறான். அந்த மோதிரத்துக்காகவே அலையும் கோல்லம் அவன் விரலைக் கடித்துப் பிடுங்கித் தவறி விழாவிட்டால் எல்லாம் போயிற்று. ஊர் திரும்பியபின்னும் காயம்பட்ட அதே தேதிகளில் ஆண்டுதோறும் நோயில் விழுகிறான். காப்பாற்றிய ஊரில் அவனால் வாழமுடியவில்லை, கப்பலேறிப் போய்விடுகிறான். எழுதியவர் முதல் உலகப்போரில், 1916இல் சோம் போர்க்களத்தில் இருந்தவர். 1918க்குள் நெருங்கிய நண்பர்களில் ஒருவரைத் தவிர எல்லோரையும் பறிகொடுத்ததாக முன்னுரையில் எழுதியிருக்கிறார். நாவலைப் போரின் உருவகமாகப் படிக்கவேண்டாம் என்றும் அவரே கேட்டுக்கொண்டிருப்பதால் இதற்குமேல் இழுக்க எனக்கு விருப்பமில்லை. அவரைப் பார்த்து எழுதப்பட்ட பல நாவல்களைப் பற்றி நீங்கள் சொல்வதென்றால் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொள்கிறேன்.

'டெஹானு' பற்றி உங்கள் வரி என்னை வருத்தியது. மூன்றாம் நாவல் 1972, இது 1990. நடுவில் பதினெட்டு ஆண்டுகள். ஒரு சின்னப் பெண்ணை, கூட இருந்தவர்களே சிதைத்து நெருப்பில் தள்ளிவிட்டுப் போகிறார்கள். லெ குவின் அந்தக் காட்சியை எழுதவில்லை. அது முடிந்தபிறகுதான் வருகிறார்: பாதி முகம் வெந்து, ஒரு கண் போய், ஒரு கை பறவைக் கால்போல் சுருண்டு கிடக்கும் குழந்தை. இரண்டாம் நாவலின் நாயகியான டெனார் அவளை எடுத்து வளர்க்கிறாள். எந்த மந்திரமும் அந்த முகத்தைத் திரும்பத் தருவதில்லை. முந்தைய மூன்று நாவல்களிலும் மந்திரப்பள்ளி ஆண்களுக்கு மட்டுமே. தான் கட்டிய உலகத்தின் அந்த அநியாயத்தைத் தானே திரும்பிவந்து கேள்வி கேட்க ஒரு எழுத்தாளருக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! அடுப்படி என்கிறீர்கள். அந்த வீட்டுக்குள் இரவில் கத்தியோடு நிற்கும் டெனார், வெளியே ஆண்களின் குரல்கள். டிராகனைப் பார்த்துப் பயப்படாத எனக்கு அங்கே கை நடுங்கியது. ஆடு மேய்க்கும் கெட்டை இன்னொரு முறை படியுங்கள். சக்தி போனபின் ஒரு ஆண் எப்படி வாழ்வது என்று அவன் கற்றுக்கொள்கிறான்.

தங்கைக்கு எர்த்சீயின் இரண்டாம் நாவலைக் கொடுங்கள், 1971இல் வந்த 'தி டூம்ப்ஸ் ஆஃப் அட்டுவான்'. சிறிய புத்தகம். ஐந்து வயதில் பெற்றோரிடமிருந்து பிரித்து, பெயரையும் பறித்து, வெளிச்சம் நுழையக்கூடாத நிலவறைகளுக்குப் பூசாரியாக்கப்பட்ட டெனாரின் கதை. ஏறக்குறைய உங்கள் தங்கையின் வயதில்தான் அவள் அங்கிருந்து வெளியேறுகிறாள். விடுதலை கிடைத்தபின் அவள் அழும் இடம் ஒன்று வரும். அதைத் தங்கை எப்படிப் படித்தாள் என்று கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா